கருட சேவை அன்று ஊற்றிய தண்ணீர்

மகனுக்கு, அப்பா எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் குளிர், கம்பளி, குன்னூர் பஸ், டீ எஸ்டேட்டிலேயே இருந்துகொண்டும் குடிக்கிற டீ சரியில்லை என்கிற குறை. வழக்கமாக எழுதுகிற கடிதம்தான். அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தேன். நான்காம் பக்கத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்திட்ட என்று கேட்டாள். எழுத்து புரியவில்லை என்றேன். உன் எழுத்து நன்றாகவே புரிந்தது. என்னைப் போல இல்லாமல் நீ டிப்ளமா படித்தவன், முத்து முத்தாக எழுதுகிறாய். அம்மா உன்னை விசாரித்ததைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அந்த நான்காம் பக்கத்தை முடித்துவிடலாம்.

நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயன் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, வெளியே சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகள். காரை அங்கங்கே பெயர்ந்து போனதால், வெளிச்சுவரை எல்லாம் புதுப்பிக்கும் வேலையை மேனேஜர் உன்னிடம் கொடுத்தார். நீ முதல் எட்டு வீடுகளுக்குக் கெட்டியாகச் சிமெண்ட் பூசச் சொன்னாய். மாதன் என்கிற கொத்தனார் பூசினார். தை மாதக் குளிரில், புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி விழுந்த வாரத்தில், எட்டு வீட்டிலும் பூச்சு உப்பிக்கொண்டு பாளம் பாளமாக விழுந்துவிட்டது. மேனேஜர் காரணம் கேட்டார். "கிழவன் பூச்சுக்குச் சரியாகத் தண்ணீர் விடவில்லை, அதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். மாதனுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை. வேலை போனால் லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். உன்னை நிரந்தரமாக்கும் நேரம் என்பதால் உனக்கு வேறு வழி இல்லை. "பாவம்தான், என்ன செய்வது" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில் ஸ்வெட்டர் கேட்டிருக்கிறாய்.

தண்ணீர் சரியாக விடவில்லை என்கிற வார்த்தை உன்னுடையது இல்லையப்பா. அது என்னுடையது. நீ காலேஜில் படித்தது இல்லை, என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது. நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நான் ஒரு கதை சொல்வேனே, கருட சேவை பார்க்கப் போய்விட்டு செவுத்துக்குத் தண்ணி ஊத்த மறந்த சித்தாள் கதை. சிரித்துச் சிரித்து உனக்குப் புரை ஏறும். ஒருமுறை உன் சினேகிதர்களை அழைத்து வந்து, அப்பா அந்தக் கருடசேவை கதையைச் சொல்லு என்றாய். நானும் அவளைப் போலவே இடுப்பில் கை வைத்து நடித்துச் சொன்னேன். அந்தக் கதை பொய். எங்கே பொய் என்று இப்போது எழுதுகிறேன். உன் அம்மாவுக்கே வியாழக்கிழமை ராத்திரி நான் சொல்லித்தான் தெரியும்.

பதினோரு வருஷம் ஆகிறது. பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளர். நல்ல கைக்காரர், ஆனால் வீடு பார்க்க லட்சணமாக இருக்காது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெருப்பக்கச் சுவரைப் புதுப்பிக்கச் சொன்னார். அப்போது சிமெண்ட் என்றால் பர்மிட் வாங்கி வர வேண்டும், ஆபீஸ் படி ஏறி இறங்க வேண்டும். அவர் எப்படியோ வாங்கிவிட்டார். அந்தத் தெருவில் சிமெண்ட் முகப்பு வைத்த முதல் வீடு அதுதான், பூசிய முதல் மேஸ்திரி நான்தான். எனக்கு அதில் தலைகால் புரியவில்லை. சைக்கிளில் போகும்போது வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகப் போய் வேலையைப் பார்த்துவிட்டுப் போவேன். பழைய காரையை அங்கங்கே கொத்திவிட்டு, அதன் மேலேயே மணல் குறைவாகவும் சிமெண்ட் தாராளமாகவும் கலந்து பூசி, மேலே சிமெண்ட் பால் தேய்த்துக் கண்ணாடி போல இழைத்து வைத்தேன்.

நெசவாளர் வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தறி தரைக்குள் தோண்டிய குழியில் நிற்கிறது. உள்ளே காற்று காய்ந்தால் பட்டு இழை அறும், அதனால் தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்தைக் கட்டிக் காப்பாற்றுவார்கள். அந்த ஈரம் அத்தனையையும் சுவர் அடியிலிருந்து குடிக்கும். குடித்ததைச் சுண்ணாம்புக் காரை வழியாக மெல்ல மெல்ல வெளியே விடும். அடியில் கொஞ்சம் உப்புப் பூக்கும், கொஞ்சம் காரை உதிரும், வருஷத்துக்கு ஒருமுறை தேய்த்து வெள்ளையடித்தால் சரியாகிவிடும். நான் வெளியே போகிற வழியைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். எனக்கு அப்போது அது தெரியாது என்று எழுதலாம். எழுதினால் அதுவும் அரைப் பொய். ஏனென்றால் எனக்கு ஒருத்தி சொன்னாள்.

அவள்தான் குப்பம்மா. முசரவாக்கத்திலிருந்து நடந்து வேலைக்கு வருகிற சித்தாள். என் வயதுதான் இருக்கும். என்னிடம் ஏழெட்டு வருஷம் சாந்து சுமந்தவள். பழைய காரையைக் கொத்திய அன்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "செவுரு உள்ளல்லாம் ஈரமா இருக்குது மேஸ்திரி. இதும் மேல மூடுனா எங்க போவும்? நாலு நாளு காயட்டுமே" என்றாள். "நீ சட்டியத் தூக்கு, செவுத்த நான் பாத்துக்கறேன்" என்றேன். பெண் பார்க்க வரும் நாள் நெருங்கிவிட்டது, காய விட நேரமில்லை என்பது ஒரு காரணம். சித்தாள் சொல்லி மேஸ்திரி கேட்பதா என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம்.

சிமெண்ட் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்று உனக்குத் தெரியும். அந்த ஏழு நாளுக்கு நடுவில் வைகாசி கருட சேவை வந்தது. காஞ்சிபுரத்தில் அன்று எவன் வீட்டில் இருப்பான்? ஏகாம்பரம் வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு விடியும் முன்னமே போய்விட்டார்கள். தெருவே காலி. நானும் உங்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனேன். குப்பம்மா மட்டும் முசரவாக்கத்திலிருந்து அந்தக் கூட்டத்தில் எதிர்நீச்சல் போட்டு வந்து, கோணிச்சாக்கை நனைத்து நனைத்துச் சுவரில் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். மத்தியானத்துக்கு மேல் மனசு கேட்காமல் நான் மட்டும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கீழே மண் சேறாக இருந்தது. அவள் முந்தானை வரை நனைந்து எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சாமி பாத்தியா மேஸ்திரி? எப்டி இருந்தாரு?" என்று கேட்டாள். குடை, மாலை, கூட்டம் எல்லாம் சொன்னேன். கையில் வைத்திருந்த பொரியில் ஒரு கைப்பிடி கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். இது நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், இரண்டே பேர்.

பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டையும் பார்த்தார்கள், பெண்ணையும் பார்த்தார்கள், சம்மதம் சொன்னார்கள். கல்யாணம் கார்த்திகையில். ஊரில் உள்ள மணப்பெண்களுக்கெல்லாம் புடவை நெய்த ஏகாம்பரம், தன் மகளின் கல்யாணப் புடவையைத் தன் தறியில் தானே நெய்வது என்று முடிவு செய்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. ஐப்பசியில் நாலைந்து நாள் விடாமல் மழை. ஒரு நாள் காலையில் மழை விட்டு வெளிவாங்கியது. இந்த வெயிலை விட்டால் பிடிக்க முடியாது என்று தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளை, பாவு என்போமே, அதைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டார்கள். அவர் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் பாவு போனது. வெயில் சுவரில் பட்டுக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு கதவு அகலத்துக்குப் பூச்சு அப்படியே பிரிந்து, பாவின் மேல் விழுந்து உடைந்தது. ஆள் யார் மேலும் படவில்லை. இழைகள்தான் நூற்றுக்கணக்கில் அறுந்து, கஞ்சியும் ஈர மண்ணும் சிமெண்ட் தூளும் கலந்து கிடந்தன. நான் மூன்று வீடு தள்ளி இன்னொரு வேலையில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். விழுந்த இடத்தில் சுவர் கறுப்பாக, ஊறிப்போய், தொட்டால் கை நனைகிற மாதிரி இருந்தது. பார்த்த அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கை வைத்துச் சொன்ன அதே இடம்.

ஏகாம்பரம் அறுந்த இழையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா மேஸ்திரி இது? பூசி ஆறு மாசம் ஆவலியே" என்றார். தெருவே என்னைப் பார்த்தது. அந்தத் தெருவில் இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று நினைக்காதே. யோசிக்கவே இல்லை. "ஏழு நாளு தண்ணி காட்டணும். ஒரு நாளு தப்புனாலும் இப்டித்தான் ஆவும்" என்றேன். "எந்த நாளு தப்புச்சு?" என்றார். "கருட சேவை அன்னிக்கி" என்றேன்.

வேறு எந்த நாளைச் சொல்லியிருந்தாலும் யாராவது ஒருவர், இல்லையே, நான் பார்த்தேனே என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு மட்டும்தான் தெருவில் யாரும் இல்லை. அன்றைக்கு யாரும் வேலை செய்திருக்க மாட்டார்கள் என்று நம்புவதும் ஊருக்குச் சுலபம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார். அப்போது தலையில் சாந்துச் சட்டியோடு குப்பம்மா கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "நான் ஊத்துனேனே மேஸ்திரி. நீயே வந்து பாத்தியே" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "நான் எங்க பாத்தேன்? நான் கோயில்கிட்ட இல்ல இருந்தேன்." அவள் சட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள். அன்றைய கூலியைக்கூட வாங்க வரவில்லை.

புதுப்பாவு போட்டு நெய்ய நாள் போதவில்லை. ஏகாம்பரத்தின் மகள் வேறொருவர் தறியில் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டாள். குப்பம்மாவுக்கு அந்தத் தெருவில் யாரும் வேலை கொடுக்கவில்லை. மற்ற மேஸ்திரிகளும் கூப்பிடவில்லை. நடவு, அறுப்பு என்று ஊரோடு இருந்துவிட்டாள். ஆனால் சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று டவுனுக்கு வரத்தானே வேண்டும்? வந்தால் அவளுக்கு ஒரு பெயர் காத்திருந்தது. கருடசேவை. "இன்னா கருடசேவை, தண்ணி ஊத்திட்டியா?" என்பார்கள். பெரிய மனசு படைத்தவர்கள் இல்லையா, விளையாட்டாகத்தான் கேட்பார்கள். நானும் அதைக் கதையாக்கி நம் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்களுக்குச் சோற்றோடு பரிமாறினேன்.

இதில் இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த ஆறு வீடுகளுக்கும் நான் பூசினேன். ஆனால் அடியில் இரண்டடி உயரத்துக்குச் சிமெண்ட் படாமல் சுண்ணாம்பாகவே விட்டேன். மேலேயும் சிமெண்டைக் குறைத்துச் சுண்ணாம்பு கலந்தேன். பால் தேய்த்து இழைக்கவில்லை. ஏன் மேஸ்திரி அடியில் விட்டுட்டே என்று கேட்டவர்களிடம், அதுதான் இப்போ நாகரிகம் என்று சொன்னேன். ஆறு வீடும் இன்றைக்கு வரை அப்படியே நிற்கின்றன. ஆக, ஒரே வாரத்தில் என் வேலையைத் திருத்திக்கொண்டேன். என் பேச்சைத் திருத்தப் பதினோரு வருஷம் ஆகியும் முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

இனி உன் சுவருக்கு வருகிறேன். நான் உறைபனியைப் பார்த்ததில்லை. நீலகிரிப் பக்கமே வந்ததில்லை. ஆனால் நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய், வெளியே வைத்த பாட்டிலில் தண்ணீர் உறைந்து பாட்டில் வெடித்தது என்று. உன் எட்டு வீட்டுச் சுவரும் அந்தப் பாட்டில்தான். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், மலைச்சரிவிலிருந்து இறங்கும் தண்ணீர் வீட்டின் பின்பக்கம் சுவரடியில் நிற்கிறது. மூடுபனி வெளியே நனைக்கிறது. உள்ளே அடுப்பு ஆவியும் காயப்போட்ட கம்பளித் துணியும் நனைக்கின்றன. சிமெண்டில் மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், மழை உள்ளே போய்விடும், வெளியே வர வழியில்லை. ராத்திரி உறைந்தால் அந்தத் தண்ணீர் பெருத்துப் பூச்சை நெட்டித் தள்ளுகிறது. மாதன் நூறு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் அது விழுந்துதான் இருக்கும். இன்னும் சொல்லப்போனால் அந்தக் குளிரில் அதிகம் ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் விழுந்திருக்கும்.

இதைச் சிமெண்ட் கெட்டது, சுண்ணாம்பு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. நான் சிமெண்டில் சம்பாதித்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் புதுக் கட்டடத்துக்கும் அதைப் போல வராது. பழைய மண்சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். ஒவ்வொரு வீடாகப் போய்க் கட்டைவிரல் முட்டியால் தட்டிப் பார். கல்லில் தட்டியது போலக் கேட்டால் விட்டுவிடு, காலிப் பானையில் தட்டியது போலக் கேட்டால் எடுத்துவிடு. எடுத்த பிறகு உடனே பூசாதே. சுவருக்குப் பின்னால் குவிந்திருக்கும் மண்ணை வெட்டித் தள்ளி, தண்ணீர் ஓடக் கால்வாய் எடு. கூரைத் தகரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா பார், இல்லையென்றால் நீட்டு. பூசுவதற்கு முன்னால் செய்கிற இந்த வேலைதான் முக்கால் வேலை. பனி விழுகிற காலம் முடிந்து வெயில் வரும் வரை சுவர் காயட்டும். பிறகு சுண்ணாம்பும் மணலும், வேண்டுமானால் கொஞ்சமே கொஞ்சம் சிமெண்டும் கலந்து, ஒரே தடவையாக அப்பாமல் மெல்லியதாக இரண்டு மூன்று கை பூசு. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் நாள் விடு. புதுப்பூச்சின் மேல் சாக்குத் தொங்கவிடு. அடுத்த மழைக்கு முன்னால் இறுகிவிட வேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில், "வேலை ஆரம்பிக்கும்போதே கிழவன், இது இந்தச் செவத்துக்கு ஒத்துக்காதுங்க என்று முனகிக்கொண்டிருந்தான்" என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். உனக்கும் இது தெரியாது என்று சொல்ல வழியில்லை.

மேனேஜரிடம் போய், நான் எழுதிக் கொடுத்தது தப்பு, சிமெண்ட் பூசச் சொன்னது நான், மாதன் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை என்று எழுத்தில் கொடு. அதனால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆகலாம். நிரந்தரம் தள்ளிப் போகலாம், வேலையே போகலாம். போனால் பஸ் ஏறி இங்கே வா, சோறு இருக்கிறது. எனக்கு அன்று வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பதினோரு வருஷமாக யோசித்திருக்கிறேன். ஆறு வீடு போயிருக்கும். ஏழாவது வீடு எங்கேயாவது கிடைத்திருக்கும். உனக்கு இன்னும் மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது. எனக்கு அப்படி நாள் இருக்கவில்லை; அந்த நிமிஷமே பொய் சொல்லி நானே அதைத் தொலைத்துக்கொண்டேன்.

மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதி முடித்தேன். தபாலில் போடவில்லை. அம்மா உறையை வாங்கி அரிசிப்பானை மேல் வைத்துவிட்டு, "நீ பண்ணாத வேலைய புள்ளைய பண்ணச் சொல்லி எழுதிக்கினு இருக்கியே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனேன்.

குப்பம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முறத்தை நிறுத்தவில்லை. பதர் பறந்து என் சட்டையெல்லாம் ஒட்டியது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "நான் ஊத்தன தண்ணி எனக்குத் தெரியாதா மேஸ்திரி? எனக்கு எதுக்குச் சொல்ற?" என்றாள். மன்னிப்பு என்கிற வார்த்தையை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். சொல்ல வாய் திறந்தேன். "அதெல்லாம் வாணாம். எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. பாவு நீட்ற நேரமாப் பாத்து சொல்லு, அப்பத்தான் எல்லாரும் இருப்பாங்க. நான் வந்து நிக்கிறேன்" என்றாள்.

நேற்று காலை போனேன். ஏகாம்பரம் வீட்டு வாசலில் பாவு நீட்டியிருந்தது. குப்பம்மா தெருமுனையில் வரும்போதே ஒரு ஆள், "தோ பாரு, கருடசேவை வந்துக்கினு இருக்குது" என்றான். ஏகாம்பரம் கஞ்சி போட்ட இழைகளைப் பிரித்துத் தேய்த்துக்கொண்டே போனார். கஞ்சி காய்வதற்குள் தேய்த்தாக வேண்டும், கையை நிறுத்த முடியாது. அதனால் பாவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டு சொன்னேன். ஈரச்சுவர், அவள் சொன்னது, கருட சேவை அன்று நான் வந்து பார்த்தது, பொரி கொடுத்தது, அந்த ஆறு வீடு, எல்லாம். மறு முனைக்குப் போனதும் அவர் தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தாண்டி அவளிடம் போனார். "பதினோரு வருசமா நானும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புட்டுக்கினு இருந்தேன், குப்பம்மா. உள்ள வாம்மா, டீ சாப்புடு" என்றார்.

"டீ வாணாம்ப்பா" என்றாள். "உன் பொண்ணு கல்யாணப் பொடவ என்னால கெடலன்னு அதுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பு. அது போதும்."

அவள் போன பிறகு எல்லோரும் பாவு வேலைக்குத் திரும்பினார்கள். இனிமேல் அந்தத் தெருவில் எனக்கு வேலை வருமா என்று தெரியாது. வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கத்தில் மாதன் என்கிற பெயரை ஒரே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாய். மற்ற இடத்தில் எல்லாம் கிழவன். மேனேஜருக்கு எழுதும்போது பெயரைப் போட்டு எழுது. இந்த உறைக்குள் கோடு போட்ட வெள்ளைத்தாள் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், எழுதத் தாள் இல்லை என்று சொல்லக்கூடாது பார்.

அம்மா விசாரித்ததைக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன். இப்போது அவளிடமே கேட்டேன், மகனுக்கு என்ன எழுதட்டும் என்று. "அவனுக்கு சொட்டர் ஒண்ணு ஏற்கெனவே இருக்குது. அந்த மாதன் வூட்ல எத்தினி பேரு, சின்னப் புள்ளைங்க இருக்குதா, இந்தக் குளிருல வூட்ட வுட்டு எங்க போவாங்கன்னு கேட்டு எழுது" என்றாள்.

கேட்டுவிட்டேன். பதில் எழுது.

அப்பா